சுரைக்குடுக்கையில் தொடங்கிய சாதகம்

செல்லோ இசைமேதை பாப்லோ காசல்ஸ் (1876–1973) வாழ்வு, இசைக்கருவி பயிலத் தொடங்குவோருக்குக் கற்பிக்கும் பாடம்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் பங்கின் தெருக்களில் புதிய ஒலிகள் கேட்கத் தொடங்கும். ஒரு வீட்டில் ஆர்மோனியம், அடுத்த வீட்டில் வயலின், எதிர் வீட்டில் கித்தார் அல்லது கீபோர்டு. பிள்ளைக்கு ஆசை, பெற்றோருக்கோ அதைவிடப் பேராசை. அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலியில் தம் மகனோ மகளோ பாடற்குழுவோடு அமர்ந்து வாசிப்பதைக் காண வேண்டும் என்று கடன்பட்டாவது கருவியை வாங்கித் தந்துவிடுகின்றனர். முதல் வாரத்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒலி கேட்கும். இரண்டாம் மாதத்தில் வாரத்திற்கு ஒரு நாள் கேட்கும். மூன்றாம் மாதத்தில் கருவி உறையோடு பரண்மேல் ஏறிவிடும். தனக்கு இசைஞானம் கிடையாது என்று பிள்ளையும், பணம் வீணாயிற்று என்று பெற்றோரும் முடிவு கட்டிவிடுவர்.

இவ்வாறு பரணில் ஏற்றியவர்களுள் நாமும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். நம்மிடம் குறைந்திருந்தது ஞானமா, அல்லது பயிலும் முறையா? இக்கேள்விக்கு விடை தேடியபோது ஒரு பங்கு ஆலய ஆர்கன் வாசிப்பாளரின் மகனுடைய வாழ்க்கை நம் கண்முன் வந்து நின்றது. தம் தொண்ணூற்றாறாம் வயது வரை தம்மை ஒரு மாணவராகவே கருதிச் சாதகம் செய்த அம்மேதையின் வரலாற்றைப் பங்குமக்களோடு, சிறப்பாக நம் இளைஞர்களோடும் சிறுவர் சிறுமியரோடும், பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பங்கு ஆலயத்தின் நிழலில்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலை ஒட்டி அமைந்தது கட்டலோனியா. அங்குள்ள எல் வெண்ட்ரெல் என்னும் சிற்றூரில் 1876-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் பிறந்தவர் காசல்ஸ். உலகம் அவரைப் பாப்லோ என்று அழைத்தது. அவருடைய தாய்மொழியாகிய கட்டலான் மொழியிலோ அவர் பெயர் பாவ். அம்மொழியில் அச்சொல்லுக்கு அமைதி என்றும் பொருள் உண்டு. பின்னாளில் அவர் வாழ்வு அப்பெயருக்கு ஏற்பவே அமைந்தது.

தந்தை கார்லோஸ் அவ்வூர்ப் பங்கு ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், பாடற்குழுவைப் பயிற்றுவிப்பவர், வீடு வீடாகப் பியானோ சொல்லிக் கொடுப்பவர். வருவாய் சொற்பமே. தாய் பிலார், கரீபியக் கடலில் உள்ள போர்த்தோ ரிக்கோ தீவில் கட்டலான் பெற்றோருக்குப் பிறந்தவர். இத்தம்பதியருக்குப் பிறந்த பதினொரு பிள்ளைகளுள் பெரும்பாலோர் சிறு வயதிலேயே இறந்தனர். வறுமையும் துயரும் நிறைந்த அவ்வில்லத்தில் குறையாதிருந்தது இசை ஒன்றே.

காது முதலில், விரல் பிறகு

தந்தை கார்லோஸ் தம் மகனுக்குக் கற்பித்த முறை நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கருவியைக் கையில் கொடுத்து விரலை வைக்கச் சொல்லி அவர் தொடங்கவில்லை. சிறுவனைப் பியானோவின் பின்புறம் நிறுத்துவார். கட்டைகள் அவன் கண்ணுக்குத் தெரியா. தந்தை சில சுவரங்களை ஒன்றாக அழுத்துவார். ஒலித்தவை எந்தெந்தச் சுவரங்கள் என்று மகன் கூற வேண்டும். இதுவே விளையாட்டு, இதுவே பாடம். விரல் பழகுமுன் காது பழகியது.

அடுத்தது பாட்டு. ஐந்து வயதில் பாப்லோ பங்கு ஆலயப் பாடற்குழுவில் சேர்ந்தான். அவ்வயதில் கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலிக்காக இருள் விலகாத நேரத்தில் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு குளிரில் நடந்து சென்றதையும், தந்தை ஆர்கன் வாசிக்கத் தான் பாடியதையும் முதுமையிலும் அவர் மறக்கவில்லை. வயலின், பியானோ ஆகியவற்றையும் தந்தையே கற்பித்தார்.

ஆனால் சிறுவனின் ஆசையெல்லாம் ஆர்கன் மேல்தான். ஆர்கனுக்குக் கைக்கட்டைகளோடு கீழே கால்களால் மிதித்து ஒலிக்கச் செய்யும் கட்டைகளும் உண்டு. பாப்லோவின் கால்கள் எட்டவில்லை. எட்டும் வரை அவன் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒன்பதாம் வயதில் கால்கள் எட்டின, பாடமும் தொடங்கியது. விரைவிலேயே தந்தைக்கு உடல்நலம் இல்லாத நாட்களில் அவருக்குப் பதிலாக ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அளவுக்கு அவன் தேறினான். அத்தனை ஆண்டுகள் வெறுமனே காத்திருந்தவனால் இது முடிந்திருக்குமா? காத்திருந்த காலமெல்லாம் அவன் பாடினான், கேட்டான், சுவரங்களை இனங்கண்டான். ஆதலால் கால் எட்டியபோது இசை ஏற்கெனவே அவனுக்குள் இருந்தது.

தொடக்க மாணவர்களுக்கு இது முதற் பாடம். வாசிக்கப் போகும் வரியை முதலில் வாயால் பாட வேண்டும். பாடத் தெரியாத வரியை விரலால் வாசிக்க முயல்வது, போகும் ஊர் தெரியாமல் பேருந்து ஏறுவதற்கு ஒப்பாகும். விரல் தவறியதும் காது அதை உடனே காட்டிக் கொடுக்க வேண்டும். காது காட்டிக் கொடுக்கவில்லையெனில் எத்தனை மணி நேரம் வாசித்தாலும் அதே தவற்றையே நாம் மனப்பாடம் செய்துகொண்டிருப்போம்.

ஒரே ஒரு தந்தி

ஒருநாள் கோமாளி உடையணிந்த நாடோடி இசைக்குழு ஒன்று அவ்வூருக்கு வந்தது. கைக்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் அவர்கள் வாத்தியமாக்கி வாசித்தனர். அவர்களுள் ஒருவர் வளைத்த துடைப்பக் கட்டையில் தந்தி கட்டிச் செல்லோவைப் போல் வாசித்தார். சிறுவன் பாப்லோ அதில் மனத்தைப் பறிகொடுத்தான். வீட்டுக்கு ஓடிவந்து தந்தையிடம் சொல்லித் தீர்த்தான். தந்தையிடம் பணம் இல்லை. ஆனால் கையில் தொழில் இருந்தது. காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்து, அதனோடு கட்டை பொருத்தி, ஒரே ஒரு தந்தி கட்டி, மகனுக்கு ஒரு கருவி செய்து கொடுத்தார். அதுவே காசல்ஸின் முதற் செல்லோ.

அந்த ஒற்றைத் தந்தியில் பாப்லோ தனக்குத் தெரிந்த பாடல்களையெல்லாம் வாசித்துப் பழகினான். நாட்டுப் பாடல்கள், தந்தை இயற்றிய மெட்டுகள், ஷூபர்ட்டின் புகழ்பெற்ற செரனேட் என்னும் பாடல் வரை அதில் எழுந்தன. பிற்காலத்தில் பேரரசர் அவைகளில் வாசித்த காசல்ஸ், இந்தச் சுரைக்குடுக்கையைத் தூக்கி எறியவில்லை, போற்றிப் பாதுகாத்தார்.

ஒரு தந்தியில் தேடித் தேடிச் சுவரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு நான்கு தந்திகள் கிடைத்தபோது அவை நான்கு செல்வங்களாகத் தோன்றின. நாமோ முதல் நாளிலேயே எல்லாக் கட்டைகளையும் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று சோர்கிறோம். குறைவானதை எடுத்துக்கொண்டு அதில் முழுமை காண்பதே தொடக்க மாணவனுக்கு நல்வழி. ஐந்து சுவரங்களுக்குள் அடங்கும் சிறு பாடல் ஒன்றைப் பிசகின்றி, இனிமையாக வாசிக்கத் தெரிந்தவன், அரைகுறையாகப் பத்துப் பாடல் வாசிப்பவனைவிட முன்னே நிற்கிறான்.

தாயின் பிடிவாதம்

1888-ஆம் ஆண்டு, பாப்லோவுக்குப் பதினொரு வயது. பார்சலோனா நகரிலிருந்து வந்த இசைக் குழுவினர் எல் வெண்ட்ரெலில் ஒரு கச்சேரி நிகழ்த்தினர். ஜோசப் கார்சியா என்பவர் அதில் செல்லோ வாசித்தார். செல்லோ என்பது வயலினின் மூத்த உடன்பிறப்பு எனலாம். நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் இழைத்து வாசிக்கப்படுவது; மனிதக் குரலுக்கு நெருங்கிய, ஆழ்ந்த நாதம் உடையது. உண்மையான செல்லோவின் ஒலியைப் பாப்லோ கேட்டது அன்றுதான். இனித் தன் வாழ்வு இக்கருவியோடுதான் என்று அன்றே அவன் உறுதி கொண்டான்.

தந்தை தயங்கினார். இசைப் பிழைப்பின் வறுமையை அனுபவித்தவர் அவர். மகனைத் தச்சுத் தொழிலுக்கு அனுப்பவே எண்ணியிருந்தார். தாய் பிலார் ஒப்பவில்லை. கடவுள் கொடுத்த கொடையைப் புதைத்து வைப்பது முறையன்று என்பதில் அவர் உறுதியாக நின்றார். வீட்டில் இதனால் பல நாள் வாக்குவாதம் நடந்தது. முடிவில் தாயே மகனை அழைத்துக்கொண்டு பார்சலோனாவுக்குச் சென்று, அந்நகராட்சியின் இசைப்பள்ளியில் கார்சியாவிடமே மாணவனாகச் சேர்த்துவிட்டார்.

இத்தாயின் தியாகத்துக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. 1895-இல் மேற்படிப்புக்காக மகனோடு பிரசல்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் ஒருவர் பாப்லோவின் நாட்டுப்புறத் தோற்றத்தைக் கண்டு மாணவர் முன்னிலையில் எள்ளி நகையாடினார். அவன் வாசித்துக் காட்டியதும் வியந்து, தம் வகுப்பில் சேர்ந்தால் முதற் பரிசுக்கு வழி செய்வதாக ஆசை காட்டினார். தன்னை இழிவுபடுத்திய இடத்தில் பயில மறுத்து மகன் வெளியேறினான். தாயும் உடன் நின்றார். அதனால் ஸ்பெயின் அரசியார் அளித்து வந்த உதவித்தொகை நின்றுபோயிற்று. பாரிசில் பசியும் குளிரும் வாட்டின. அப்போது தாய் தம் நீண்ட கூந்தலை வெட்டி விற்று வீட்டுக்கு உணவு வாங்கினார். பிள்ளைக்குக் கருவி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணும் பெற்றோர் இத்தாயை நினைத்துப் பார்ப்பார்களாக.

அக்குளில் வைத்த புத்தகம்

பார்சலோனா பள்ளியில் நடந்ததற்குத் திரும்புவோம். அக்காலத்தில் செல்லோ மாணவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வில் பிடிக்கும் வலக்கையின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்ள வேண்டும். அது கீழே விழாமல் வாசிக்க வேண்டும். கை உடலோடு ஒட்டியிருப்பதே அழகு எனக் கருதப்பட்டது. இடக்கையோ, ஒவ்வொரு சுவரத்துக்கும் முழுக் கையையும் மேலும் கீழும் இழுத்து நகர்த்தியது.

பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இது இயல்பாகப் படவில்லை. பாடும்போது உடல் இறுகுவதில்லை. வாசிக்கும்போது மட்டும் ஏன் இறுக வேண்டும்? வீட்டில் தனியே பயிலும்போது புத்தகத்தை அகற்றினான். வலக்கையைத் தடையின்றி வீசவிட்டான். இடக்கையை ஓயாமல் நகர்த்துவதற்குப் பதிலாக விரல்களை அகலவிரித்துச் சுவரங்களை எட்டினான். ஒலி தெளிந்தது, வீண் இரைச்சல் ஒழிந்தது. வகுப்பில் இதைச் செய்தபோது உடன்பயில்வோர் சிரித்தனர். ஆசிரியரும் முதலில் அதிர்ச்சியுற்றார். ஆயினும் மாணவன் எழுப்பிய நாதத்தைக் கேட்டபின் அவரால் மறுக்க இயலவில்லை. இன்று உலகெங்கும் செல்லோ வாசிக்கப்படும் முறைக்கு அச்சிறுவனின் தனிமைப் பயிற்சியே பெரிதும் வழிகோலியது என்றால் மிகையாகாது.

ஆசிரியரை மீறுவதே திறமை என்று நம் பிள்ளைகள் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கார்சியாவிடம் காசல்ஸ் பெருமதிப்பு வைத்திருந்தார். அவரிடம் கற்க வேண்டியதைக் கற்றார். இங்கே நாம் அறிய வேண்டியது வேறு. சாதகம் செய்பவன் தன் உடலைக் கவனிக்க வேண்டும். தோள் உயர்ந்து நிற்கிறதா, தாடை இறுகியிருக்கிறதா, மணிக்கட்டு வலிக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். இறுகிய கையோடு ஒரு மணி நேரம் வாசித்தால், நாம் பயிலுவது இறுக்கத்தைத்தான். பின்னாளில் தம் மாணவர்களுக்குக் காசல்ஸ் இதையே வலியுறுத்தினார். வேகமான பகுதியிலும் ஒரு சுவரத்துக்கும் அடுத்த சுவரத்துக்கும் இடையே கண்ணிமைக்கும் நேரமாவது கையைத் தளரவிட வேண்டும் என்றும், அத்தளர்ச்சியையே ஒரு பயிற்சியாகச் செய்ய வேண்டும் என்றும் கற்பித்தார். வலி ஏற்பட்டால் நிறுத்தி ஓய்வெடுத்து, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.

பழைய கடையில் கிடைத்த புதையல்

படிப்புச் செலவுக்காகப் பாப்லோ மாலை வேளைகளில் காபே தோஸ்த் என்னும் சிற்றுண்டி விடுதியில் மூவர் குழுவில் வாசித்தான். நாளொன்றுக்கு நான்கு பெசெத்தா ஊதியம். மக்கள் காபி அருந்திக்கொண்டே கேட்கும் இலேசான பாடல்களே அங்கு வழக்கம். வாரத்தில் ஒரு மாலையாவது உயர்ந்த இசைக்கு ஒதுக்க வேண்டும் என்று உரிமையாளரை இணங்கச் செய்தான் அவன். அந்த மாலைகளுக்கெனவே கேட்போர் வரத் தொடங்கினர்.

1890-ஆம் ஆண்டில், பாப்லோவுக்குப் பதின்மூன்று வயது நிரம்பியிருந்தபோது, ஊரிலிருந்து வந்த தந்தை அவனுக்கு முழு அளவுச் செல்லோ ஒன்றை வாங்கித் தந்தார். பின்னர் இருவரும் விடுதியில் வாசிக்கப் புதிய பாடல்கள் தேடித் துறைமுகத்தை அடுத்த பழைய இசைநூல் கடை ஒன்றுக்குள் நுழைந்தனர். கட்டுகளைப் புரட்டியபோது மங்கிய பழைய ஏடுகள் சில கைக்கு வந்தன. யோகான் செபாஸ்தியான் பாக் தனிச் செல்லோவுக்கென இயற்றிய ஆறு இசைத் தொகுப்புகள் அவை. ஏறத்தாழ 1720-ஆம் ஆண்டில் எழுதப்பட்டவை. அப்படி ஒன்று இருப்பதாக அவனுடைய ஆசிரியர்கூடச் சொன்னதில்லை. அக்காலத்தில் அவற்றை வெறும் கைப்பயிற்சி என்றே பலர் கருதினர். மேடையில் வாசிப்போரும் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் எடுத்து வாசித்தனரே தவிர, முழுத் தொகுப்பை எவரும் வாசிப்பதில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அவற்றை மீண்டும் மீண்டும் படித்தான் சிறுவன். அன்று தொடங்கிய பயிற்சி பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. ஆம், பன்னிரண்டு ஆண்டுகள்! நாள்தோறும் அவற்றை ஆய்ந்தும் வாசித்தும், விரலமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தும் பழகிய பின்னரே, இருபத்தைந்து வயதில், ஒரு தொகுப்பை முழுமையாகப் பொதுமக்கள் முன் வாசிக்கும் துணிவு அவருக்குப் பிறந்தது. ஆறு தொகுப்புகளையும் இசைத்தட்டில் பதிவு செய்ததோ 1936 முதல் 1939 வரையுள்ள ஆண்டுகளில். அப்போது அவருக்கு வயது அறுபதை எட்டியும் கடந்துமிருந்தது. உலகம் அவ்விசையின் பெருமையை உணர்ந்தது அப்பதிவுகளால்தான்.

இரண்டு வாரத்தில் பாடல் வரவில்லை என்று கருவியை மூடி வைக்கும் நமக்கு இந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அறிவுரை. மேலும் ஒன்று: பிறர் கைப்பயிற்சி என்று ஒதுக்கியதை அவர் இசையாக வாசித்தார். நம் சரளி வரிசையாயினும் மேனாட்டு முறைச் சுவர வரிசையாயினும், அதை ஒரு சுமையாக உருட்டித் தள்ளாமல், ஒவ்வொரு சுவரமும் சுருதியில் நிற்கிறதா, ஒலி அழகாய் எழுகிறதா என்று கேட்டு வாசித்தால், பயிற்சியே பாடலாகிவிடும். சுருதி விஷயத்தில் காசல்ஸ் தமக்கோ தம் மாணவருக்கோ சலுகை காட்டியதே இல்லை.

மேடை நடுக்கமும் உடைந்த கையும்

1899-இல் இலண்டன் மாநகரிலும், பின்னர் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும், அதே ஆண்டின் இறுதியில் பாரிசிலும் வாசித்ததோடு காசல்ஸின் புகழ் உலகெங்கும் பரவியது. ஆனால் இத்தனை பெரிய கலைஞருக்கும் மேடை ஏறுமுன் நெஞ்சு படபடக்கும். அந்த அச்சம் வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டு நீங்கவில்லை.

வியன்னா நகரில் அவர் முதன்முதலாக வாசித்தபோது நடந்ததைக் கேளுங்கள். பேரிசை வல்லுநர்களின் ஊர் அது. நடுக்கத்தில் கை இறுகியது. அதைத் தளர்த்த முயன்று வில்லைச் சற்றுச் சுழற்ற, வில் கையைவிட்டு நழுவி, பறந்து சென்று, கேட்போர் நடுவே விழுந்தது! ஒருவரும் நகைக்கவில்லை. வரிசை வரிசையாகக் கைமாறி, அமைதியாக வில் மேடைக்குத் திரும்பி வந்தது. அதற்குள் அவர் உள்ளமும் அமைதியுற்றது. தொடர்ந்து சிறப்பாக வாசித்து முடித்தார். பாடற்குழுவில் முதன்முறை வாசிக்கும் பிள்ளையின் கை நடுங்கினால், அப்பிள்ளை நல்லவர் துணையில்தான் இருக்கிறது! நாமும் வியன்னா மக்களைப் போல் நகைக்காமல் இருப்போமாக.

1901-இல் அமெரிக்கப் பயணத்தின்போது சான் பிரான்சிஸ்கோவை அடுத்த தமல்பைஸ் மலையில் நண்பர்களோடு ஏறினார். இறங்கி வருகையில் பாறை ஒன்று உருண்டு வந்து இடக்கையை நசுக்கியது. கை திரும்பவும் பயன்படுமா என்று அனைவரும் கலங்கினர். அவருக்கோ முதலில் எழுந்த எண்ணம், இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்னும் ஒருவகை நிம்மதியாம்! பின்னாளில் அவரே இதை மறைக்காமல் சொன்னார். கலைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவனுக்கும் பயிற்சி சில வேளை பாரமாகவே இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பல மாதச் சிகிச்சைக்கும் பொறுமையான பயிற்சிக்கும் பின் கை குணமடைந்தது. அவரும் கருவிக்குத் திரும்பினார். சலிப்பு வருவது குற்றமன்று. சலிப்புக்குப் பின் திரும்பி வருவதே பெரிது.

மேடை மூடினும் சாதகம் மூடவில்லை

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1939-இல் பிராங்கோவின் படை வென்றபோது காசல்ஸ் தாய்நாட்டைவிட்டு வெளியேறி, எல்லைக்கு அப்பால் பிரெஞ்சு மண்ணில் பிராத் என்னும் சிற்றூரில் தங்கினார். தம்மைப் போலவே அகதிகளாய் வந்து முகாம்களில் வாடிய பல்லாயிரம் பேருக்காக உணவும் உடையும் வேண்டி ஓயாது கடிதங்கள் எழுதினார். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானிய அதிகாரிகள் வீடு தேடி வந்து தங்கள் நாட்டில் வாசிக்குமாறு அழைத்தனர். உயிருக்கு ஆபத்து என்று அறிந்தும் மறுத்தார். போர் முடிந்த பின்னரும் வல்லரசுகள் பிராங்கோவின் ஆட்சியை அகற்ற முன்வராததைக் கண்டு மனம் நொந்து, மேடைக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்.

கேட்பார் இல்லை, பரிசில் இல்லை, வயதோ எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் நாள்தோறும் செல்லோ உறையிலிருந்து வெளியே வந்தது. எவரும் கேட்காத அந்த அறையில் அவர் சாதகம் செய்தார்.

1950-ஆம் ஆண்டு, பாக் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. காசல்ஸ் வெளியே வர மறுப்பதால் நாமே அவரிடம் செல்வோம் என்று உலகின் சிறந்த இசைவாணர்கள் அந்தச் சிற்றூரில் கூடினர். கச்சேரி நடந்த இடம் எது தெரியுமா? அவ்வூரின் புனித பேதுரு ஆலயம்! பங்கு ஆலயத்தில் தொடங்கிய இசை, பன்னாட்டு அரங்குகளைச் சுற்றி வந்து, மௌனம் காத்து, மீண்டும் ஓர் ஆலயத்திலேயே வாய் திறந்தது. அங்கே அவர் எடுத்து வாசித்தது, பதின்மூன்று வயதில் பழைய கடையில் கண்டெடுத்த அதே பாக்கின் இசையைத்தான். அன்றாடப் பயிற்சியைக் கைவிட்டிருந்தால், எழுபத்துமூன்று வயதில் அந்நாள் அவருக்கு வாய்த்திருக்குமா?

போர்க்காலத்தில் பிராத்தில் அவர் எழுதத் தொடங்கிய குடில் என்னும் பெரும் இசைப்படைப்பு, பெத்லகேம் பிறப்பைப் பாடுவது. 1960-இல் மெக்சிகோ நாட்டில் அது முதன்முதலாக அரங்கேறியது. அதன்பின் அதை உலக அமைதிக்கான காணிக்கையாக நாடு நாடாக நடத்திக் காட்டினார். 1961-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மாளிகையில் வாசித்தார். 1971-இல் தொண்ணூற்று நான்கு வயதில் ஐக்கிய நாடுகள் அவையில் அமைதிப் பதக்கம் பெற்றபோது, கட்டலோனிய மக்கள் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் பாடும் பறவைகளின் பாடலைச் செல்லோவில் இசைத்தார். தாய் பிறந்த மண்ணாகிய போர்த்தோ ரிக்கோவில் 1973 அக்டோபர் 22-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஸ்பெயினில் மக்களாட்சி மலர்ந்தபின், 1979-இல் அவருடைய உடல் எல் வெண்ட்ரெல் ஊருக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

காலைதோறும் ஒரு தொடக்கம்

ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அவர் விடாது கடைப்பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் பியானோவின் முன் அமர்ந்து பாக் இயற்றிய இரண்டு சிறு பகுதிகளை வாசிப்பார். அது அவருக்கு அந்நாளின் காலை மன்றாட்டுப் போன்றது. இல்லத்துக்குத் தரப்படும் ஆசிர் போன்றது. எண்ணற்ற முறை வாசித்த அதே வரிகள், ஒவ்வொரு காலையும் அவருக்குப் புதியனவாகவே தோன்றின. பழகியதைப் புதிதாய்க் கேட்கும் செவி ஒன்றே அவரை முதுமையிலும் மாணவராக வைத்திருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் பயில்வதைவிட, நாள்தோறும் ஒரே வேளையில் இருபது நிமிடம் பயில்வது பயன் தரும். குடும்ப செபத்துக்கு ஒரு நேரம் இருப்பதுபோல் சாதகத்துக்கும் ஒரு நேரம் இருக்கட்டும். கருவி பரண்மேல் அன்றி, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அமர்ந்ததும், இன்று எந்த ஒரு வரியைச் செம்மையாக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். முதலில் சில நிமிடம் சுவர வரிசை, மெதுவாக, காது கொடுத்து. பின் அந்த வரியைப் பாடிப் பார்த்து, பிறகு வாசிக்க வேண்டும். தவறும் இடத்தில், பாடலின் தொடக்கத்துக்கே ஓடாமல், அந்த இரண்டு மூன்று சுவரங்களை மட்டும் தனியே பிரித்து, தவறு நேராத அளவுக்கு வேகத்தைக் குறைத்து வாசிக்க வேண்டும். அது பழகியபின் முன்னும் பின்னும் உள்ள சுவரங்களோடு இணைக்க வேண்டும். வேகம் தானே வரும். இடையிடையே கையைத் தளரவிட வேண்டும். முடிவில், நன்கு தெரிந்த பாடல் ஒன்றை மகிழ்ச்சியோடு வாசித்து எழ வேண்டும். மறுநாள் கருவியை எடுக்க மனம் வருவது அந்த மகிழ்ச்சியால்தான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். விருந்தினர் முன் வாசித்துக் காட்டும்படி பிள்ளையை வற்புறுத்துவதினும், அடுத்த அறையில் அமர்ந்து அதன் தட்டுத்தடுமாறலைப் பொறுமையோடு கேட்பது மேல். சுரைக்குடுக்கையில் தந்தி கட்டிக் கொடுத்த தந்தையும், கூந்தலை விற்ற தாயும் செல்வர்கள் அல்லர். அவர்கள் தம் மகனுக்குத் தந்தது நேரமும் நம்பிக்கையும்.

இம்மலரைப் படித்து முடித்ததும், பரண்மேல் உறங்கும் பெட்டி ஏதேனும் உங்கள் இல்லத்தில் இருந்தால், அதை இறக்கித் தூசி தட்டுங்கள். சுருதி கலைந்திருக்கும், சேர்த்துக்கொள்ளலாம். விரல் மறந்திருக்கும், பழகிக்கொள்ளலாம். இன்று ஒரு வரி போதும். நாளைக் காலை மீண்டும் அதே வரியைப் புதிதாய்த் தொடங்குவோம்.